வீட்டில் கட்டிய ரிசீவரில் ஒவ்வொரு ஸ்டேஜையும் அளப்பது எப்படி?

"சார், ஹெட்ஃபோன்ல இரைச்சல் மட்டும்தான் வருது. ஸ்டேஷன் எல்லாம் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. எந்த டிரான்சிஸ்டர மாத்தட்டும்?"

புதுச்சேரி, கடலூர் பக்கம் சொந்தமாக 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் வானொலி பேண்ட்) ரிசீவர் கட்டும் பாலிடெக்னிக் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். "எதையும் மாத்தாதப்பா, முதல்ல அள" என்பேன். அளப்பது எப்படி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது.

ரிசீவர் என்பது வரிசையாகக் கோத்த ஸ்டேஜ்கள்தான். ஆன்டெனாவில் வரும் சிக்னல் பேண்ட்பாஸ் ஃபில்டரில் கொஞ்சம் குறையும், மிக்சரில் (அலைவரிசையை மாற்றும் ஸ்டேஜ்) இன்னும் குறையும், ஆம்ப்ளிஃபயரில் கூடும், கிரிஸ்டல் ஃபில்டரில் மறுபடி குறையும். எங்கே எவ்வளவு கூட வேண்டும், எவ்வளவு குறையலாம் என்பது முன்கூட்டியே போடக்கூடிய கணக்கு. உங்கள் ரிசீவர் அந்தக் கணக்கிலிருந்து எந்த இடத்தில் விலகுகிறதோ அங்கேதான் கோளாறு.

விலை உயர்ந்த கருவி இல்லாமல் இதெல்லாம் நடக்காது என்று பலர் தயங்குகிறார்கள். நடக்கும். மீட்டர் காட்டும் எண்ணை நம்பாமல் அட்டெனுவேட்டரின் (சிக்னலைத் தெரிந்த அளவுக்குக் குறைக்கும் பெட்டி) சுவிட்சை நம்பினால் போதும். ஸ்டேஜ் இருக்கும்போதும், அதை எடுத்துவிட்டபோதும், மீட்டர் ஒரே அளவு காட்டும்படி அட்டெனுவேட்டரைக் கூட்டிக் குறையுங்கள். எவ்வளவு மாற்றினீர்களோ அதுதான் அந்த ஸ்டேஜின் பெருக்கம் அல்லது இழப்பு. மீட்டர் தப்பாகக் காட்டினாலும் கவலையில்லை. இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் சரி.

தெரிந்திருக்க வேண்டிய சில எண்கள்

0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 50 ஓம் சுமையில் அது 0.224 வோல்ட் ஆர்எம்எஸ். ஆசிலோஸ்கோப்பில் உச்சிக்கு உச்சி 0.63 வோல்ட். 20 டெசிபல் (டிபி) குறைந்தால் வோல்டேஜ் பத்தில் ஒன்று. ஆக −20 டிபிஎம் 63 மில்லிவோல்ட், −40 டிபிஎம் 6.3 மில்லிவோல்ட், இரண்டும் உச்சிக்கு உச்சி. டயோடு ரிங் மிக்சருக்கு ஆசிலேட்டரிலிருந்து (ரிசீவருக்குள்ளேயே அலை உண்டாக்கும் சுற்று) போக வேண்டிய 7 டிபிஎம், 50 ஓமில் உச்சிக்கு உச்சி 1.4 வோல்ட். சிக்னலின் வலிமையைச் சொல்லும் எஸ் அளவுகோலில் எஸ்9 என்பது −73 டிபிஎம், அதாவது 50 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ். ஒரு எஸ் அலகு 6 டிபி. எஸ்1 வரை இறங்கினால் −121 டிபிஎம், 0.2 மைக்ரோவோல்ட்தான்.

டெசிபலில் பேசுவதால் என்ன லாபம் என்றால், வரிசையாக நிற்கும் ஸ்டேஜ்களைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கூட்டல், கழித்தல் போதும்.

அட்டெனுவேட்டர்: இதை நீங்களே கட்டுங்கள்

மற்றக் கருவிகளைக் கடன் வாங்கலாம், பழையது வாங்கலாம். ஸ்டெப் அட்டெனுவேட்டரை மட்டும் சொந்தமாகக் கட்டச் சொல்கிறேன். எளிது, நம்பகமானது, ஆயுள் முழுக்க உழைக்கும்.

ஒவ்வொரு பகுதியும் மூன்று ரெசிஸ்டர் கொண்ட பை வடிவம்: நடுவே ஒன்று, இரண்டு பக்கமும் கிரவுண்டுக்கு ஒவ்வொன்று. 20 டிபிக்கு நடுவில் 240 ஓம், பக்கங்களில் 62 ஓம். 10 டிபிக்கு 68ம் 100ம். 6 டிபிக்கு 39ம் 150ம். 3 டிபிக்கு 18ம் 300ம். 2 டிபிக்கு 12ம் 430ம். 1 டிபிக்கு 5.6ம் 910ம். 20 டிபி பகுதியை மட்டும் இரண்டாக வைத்தால் மொத்தம் 62 டிபி கிடைக்கும். கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போதும். வயர்வவுண்ட் கூடவே கூடாது; அது ரெசிஸ்டராக மட்டும் இல்லாமல் காயிலாகவும் வேலை செய்யும். ஒரே பகுதியில் 40 டிபி போட ஆசைப்படாதீர்கள். ரெசிஸ்டர் அடைத்ததை சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டன்ஸ் கடத்திவிடும்.

காப்பர் கிளாட் போர்டைத் துண்டு போட்டு, பகுதிக்குப் பகுதி தடுப்புச் சுவர் வைத்து ஈயம் பற்ற வைத்தால் பெட்டி தயார். பிஸ்கட் டின் தகரத்திலும் ஈயம் நன்றாகப் பிடிக்கும். ஸ்லைடு சுவிட்ச், ரெசிஸ்டர், பிஎன்சி கனெக்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

கட்டி முடித்ததும் சரிபார்க்க ஆர்எஃப் கருவி எதுவும் வேண்டாம். அட்டெனுவேட்டர் டிசியிலும் அதே அளவு குறைக்கும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. வெளியீட்டில் 50 ஓம் சுமை போடுங்கள் (இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரை இணையாக வைத்தால் ஆயிற்று). உள்ளீட்டில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்தால் எந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் 50ஐ ஒட்டியே காட்ட வேண்டும். அடுத்து உள்ளீட்டில் 3 வோல்ட் பேட்டரி கொடுங்கள். 10 டிபி பகுதி மட்டும் உள்ளே இருந்தால் வெளியீட்டில் ஏறக்குறைய 0.99 வோல்ட் வரும். கணக்குப் போட்டால் 9.7 டிபி. ஒவ்வொரு பகுதியையும் இப்படி அளந்து, உண்மையான எண்ணைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள். பக்கத்து டவுனுக்குப் போய் லேபில் காட்டி அளவு திருத்த வேண்டிய அவசியம் இல்லாத கருவி இது ஒன்றுதான்.

சிக்னலும் மீட்டரும்

சிக்னல் உண்டாக்கும் ஜெனரேட்டராக எஸ்ஐ5351 ஐசி உள்ள போர்டு போதும். 7.1 மெகாஹெர்ட்ஸும் கொடுக்கும், ஐஎஃப் (மிக்சர் மாற்றித் தரும் இடை) அலைவரிசையும் கொடுக்கும். ஆனால் அது தருவது சதுர அலை. மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படை அலையைவிட சுமார் 9.5 டிபி மட்டுமே கீழே இருக்கும். லோபாஸ் ஃபில்டர் போடாமல் அளந்தால் ஏழையும் இருபத்தொன்றையும் சேர்த்து அளப்பீர்கள். ஃபில்டருக்குப் பின் ஒரு 20 டிபி பகுதியை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். போர்டு தரும் 10 டிபிஎம் சுமார் −10 டிபிஎம் ஆகும்; ஸ்டேஜ் எப்படி நடந்துகொண்டாலும் ஜெனரேட்டருக்குத் தெரியாது.

மீட்டருக்குப் பல வழி. ஏடி8307 ஐசி வைத்துக் கட்டிய டிடெக்டர் ஒவ்வொரு டிபிக்கும் 25 மில்லிவோல்ட் ஏறி இறங்கும். சாதாரண மல்டிமீட்டரில் படிக்கலாம். டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) இருந்தால் இன்னும் நல்லது, அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும். ஆசிலோஸ்கோப்பும் ஆகும். எந்த மீட்டராக இருந்தாலும் அதன் வாயில் 50 ஓம் சுமை இருக்கட்டும்.

ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்கள் புரோபைக் கவனியுங்கள். ×1 நிலையில் புரோபும் கேபிளும் சேர்ந்து 100 பிகோஃபாரட் வரை வந்துவிடும். 9 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 177 ஓம். அதிக இம்பீடன்ஸ் உள்ள இடத்தில் அதைத் தொட்டால் ஸ்டேஜையே கீழே இழுத்துவிட்டு, "பெருக்கம் இல்லை" என்று நீங்களே தீர்ப்பு எழுதுவீர்கள். ×10 நிலையில் 15 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1180 ஓம். அதுவும் எல்லா இடத்துக்கும் போதாது.

ஒரு ஸ்டேஜை அளக்கும் வரிசை

ஜெனரேட்டர், அட்டெனுவேட்டர், மீட்டர் மூன்றையும் நேராக இணையுங்கள். நடுவில் எதுவும் வேண்டாம். இது நேர் இணைப்பு. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இதில்தான் தொடங்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பிஎன்சியையும் எஸ்ஓ239ஐயும் விட்டுவைக்காது. பித்தளை பச்சை பூத்திருந்தால் கேபிளைத் தொடும்போதே மீட்டர் ஆடும். ஆடினால் கனெக்டரைத் துடைத்துச் சரிசெய்த பிறகு அளக்கலாம்.

பேண்ட்பாஸ் ஃபில்டர் போன்ற இழப்பு ஸ்டேஜுக்கு, அட்டெனுவேட்டரை 10 டிபியில் வைத்து ஃபில்டரை நடுவில் சேருங்கள். மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு நேர் இணைப்புக்கு வாருங்கள்; மீட்டர் ஏறும். பழைய எண்ணுக்கு இறங்கும்வரை அட்டெனுவேட்டரைக் கூட்டுங்கள். 10 என்று இருந்தது 13 ஆனால் இழப்பு 3 டிபி.

ஆம்ப்ளிஃபயருக்கு வரிசை தலைகீழ். முதலில் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் 10 டிபியில் குறித்துக்கொண்டு, பிறகு அதைச் சேர்த்து, பழைய எண் வரும்வரை கூட்டுங்கள். 27 டிபியில் நின்றால் பெருக்கம் 17.

இரண்டிலும் அட்டெனுவேட்டர் 10 டிபிக்குக் கீழே போக வேண்டாம். அந்தப் 10 டிபிதான் ஸ்டேஜுக்கு உண்மையான 50 ஓமைக் காட்டுகிறது.

ஆம்ப்ளிஃபயரில் இன்னொரு சோதனையும் கட்டாயம். உள்ளீட்டை 10 டிபி குறைத்தால் வெளியீடும் 10 குறைய வேண்டும். 7 மட்டும் குறைந்தால், முதலில் அளந்தபோதே அந்த ஸ்டேஜ் திணறிக்கொண்டிருந்தது என்று பொருள். இன்னும் கீழே இறங்கி மறுபடி அளக்க வேண்டும். நானோவிஎன்ஏ (தானே சிக்னல் அனுப்பி அளக்கும் சிறு கருவி) வைத்து ஆம்ப்ளிஃபயரை அளப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அது வெளியே தரும் சிக்னல், சின்ன சிக்னலுக்கென்று கட்டிய ஸ்டேஜுக்கு ரொம்ப அதிகம். நடுவில் 20 அல்லது 30 டிபி போட்டு, அந்த நிலையிலேயே அதன் அளவு திருத்தத்தைச் செய்துகொண்டு அளக்கலாம்.

மிக்சர்

இதில் பொறுமை வேண்டும், ஏனென்றால் உள்ளே போகும் அலைவரிசை ஒன்று, வெளியே வருவது வேறு.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் உருவாக்கிய பிட்எக்ஸ் இந்தியாவில் பலரையும் ஹோம்பிரூ (ரேடியோவை வீட்டிலேயே கட்டுவது) பக்கம் இழுத்து வந்த வடிவமைப்பு. காயில் சுற்றக் குழாய் வாஷரே போதும் என்று காட்டிய மனிதர் அவர். அதன் 40 மீட்டர் வடிவத்தில் ஐஎஃப் 12 மெகாஹெர்ட்ஸ், ஆசிலேட்டர் 5க்குச் சற்றுக் கீழே. 7.1 மெகாஹெர்ட்ஸில் −40 டிபிஎம் கொடுக்கிறோம், ஆசிலேட்டர் 4.9இல் 7 டிபிஎம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டயோடு மிக்சர் சுமார் 6 டிபி இழக்கும். 12 மெகாஹெர்ட்ஸில் −46 டிபிஎம் வர வேண்டும். மிக்சர் ஆசிலேட்டரை 40 டிபி அளவுக்குத் தடுத்தாலும், 4.9 மெகாஹெர்ட்ஸ் கசிவு −33 டிபிஎம்முக்கு அங்கே நிற்கும். நாம் தேடுவதைவிடக் கசிவு 13 டிபி பெரிது! அலைவரிசை பிரிக்காத டிடெக்டர் கசிவைத்தான் படிக்கும், "மிக்சர் பெருக்குகிறது" என்று நாமும் மகிழ்ந்துபோவோம்.

ஆகவே டைனிஎஸ்ஏ இல்லாதவர்கள் மிக்சரைத் தனியாக அளக்க வேண்டாம். மிக்சரையும் கிரிஸ்டல் ஃபில்டரையும் சேர்த்து ஒரே ஸ்டேஜாக அளந்து, ஃபில்டரின் இழப்பைத் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். 12 மெகாஹெர்ட்ஸைத் தவிர வேறெதையும் ஃபில்டர் விடாது. இதில் உள்ளீடும் வெளியீடும் வேறு அலைவரிசை என்பதால் மீட்டரை 7.1இலும் 12இலும் நேர் இணைப்பில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது முக்கியம்.

இழப்பு 10 டிபிக்கு மேலே போனால் டயோடைக் குறை சொல்வதற்கு முன் ஆசிலேட்டரைப் பாருங்கள். மிக்சரின் இடத்தில் 50 ஓம் சுமை போட்டு 1.4 வோல்ட் இருக்கிறதா என்று அளந்தால் தெரிந்துவிடும். நான் பார்த்த மந்தமான மிக்சர்களில் அதிகமானவற்றுக்கு ஆசிலேட்டர் தீனி போதாமல்தான் இருந்தது.

மிக்சராக எஸ்ஏ612 ஐசி போட்டவர்களுக்கு வேறு கணக்கு. அது இழக்காது, 17 டிபி அளவுக்குப் பெருக்கும். ஆனால் அதன் வாயும் வாலும் 1500 ஓம். 1500 ஓமில் உள்ள 10 மில்லிவோல்ட் −42 டிபிஎம். அதே 10 மில்லிவோல்ட் 50 ஓமில் இருந்தால் −27 டிபிஎம். வோல்டேஜை மட்டும் பார்த்துப் பெருக்கம் சொன்னால் 15 டிபி காணாமல் போகும், அல்லது எங்கிருந்தோ முளைக்கும். "என் ஐசி 30 டிபி கொடுக்குது" என்று யாராவது சொன்னால், எந்த ஓமில் என்று கேளுங்கள்.

கிரிஸ்டல் ஃபில்டர்

வீட்டில் கட்டிய நாலு கிரிஸ்டல் லேடர் ஃபில்டருக்கு 2 முதல் 6 டிபி இழப்பு நியாயமானது. பழைய கலர் டிவி போர்டுகளில் இருக்கும் 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் இதற்கு அருமையானவை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய போர்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஃபில்டருக்கு 200 ஓம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 ஓமில் நேராகச் சொருகினால் மேடு பள்ளமாக வரும், இழப்பும் பொய்யாக வரும். உள்ளே போகும் வழியில் 150 ஓம், வெளியே வரும் வழியில் 150 ஓம், இரண்டையும் தொடராக வையுங்கள். ஃபில்டர் இப்போது இரண்டு பக்கமும் 200ஐப் பார்க்கிறது. இந்த ரெசிஸ்டர்களே 12 டிபி தின்றுவிடும், பயப்படத் தேவையில்லை. ஃபில்டருக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பியை வைத்து அதையே நேர் இணைப்பாக எடுத்துக்கொண்டால் அந்த 12 இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும், மிஞ்சுவது ஃபில்டரின் இழப்பு மட்டும்.

ஜெனரேட்டரை 100 ஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்தி ஒவ்வொரு படியிலும் எழுதுங்கள். கிராஃப் தாளில் புள்ளி வைத்து வரைந்தால் ஃபில்டரின் உருவம் கண்முன் வரும். இந்த ஒரு வேலையை மட்டும் அவசரப்படாமல் செய்யச் சொல்வேன். நடுவில் 14 டிபி இழப்பு வந்தால் கிரிஸ்டல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அல்லது கெபாசிட்டர் மதிப்பு மாறிப்போயிருக்கிறது. பொருத்தம் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்குமாறு கிரிஸ்டல்களைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆடியோ

இது சுலபம். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு 400 ஹெர்ட்ஸ் வையுங்கள். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் அதற்கு மேலே ஏசியைச் சரியாகப் படிப்பதில்லை. ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து வருவதை 10,000 ஓம், 100 ஓம் கொண்டு பிரித்தால் நூற்றில் ஒரு பங்கு கிடைக்கும். ஆடியோ ஆம்ப்ளிஃபயர் ஐசியான எல்எம்386 அப்படியே இருந்தால் 20 மடங்கு, அதாவது 26 டிபி. 1, 8 கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 200 மடங்கு, 46 டிபி. 300 மில்லிவோல்ட் பிரிந்து 3 ஆகி, 200 மடங்கில் 0.6 வோல்ட்டாக வர வேண்டும்.

கணக்கைக் கூட்டுவது

ஒரு தாளில் எழுதுங்கள். பேண்ட்பாஸ் −3, மிக்சர் −6.5, அதன் பின் ஆம்ப்ளிஃபயர் +17, கிரிஸ்டல் ஃபில்டர் −5, ஐஎஃப் +20, ப்ராடக்ட் டிடெக்டர் (ஐஎஃபை ஆடியோவாக்கும் ஸ்டேஜ்) −6. மொத்தம் +16.5. எஸ்9இல் 50 மைக்ரோவோல்ட்டாக நுழைந்தது ஆடியோவுக்கு வரும்போது 330 மைக்ரோவோல்ட்தான். எல்எம்386 மட்டும் இருந்தால் 200 மடங்கில் 67 மில்லிவோல்ட், ஸ்பீக்கர் முணுமுணுக்கும். நடுவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வைத்து 30 டிபி கூட்டினால் 2 வோல்ட் வந்துவிடும். எஸ்1இலும் 8 மில்லிவோல்ட் கிடைக்கும், ஹெட்ஃபோனில் கேட்கும். மேலே சொன்ன கிணற்றுக் குரலுக்குக் காரணம் பல சமயம் இந்த 30 டிபி இல்லாததுதான்; டிரான்சிஸ்டர் எதுவும் பழுதாகியிருக்காது.

குறைவதை எல்லாம் ஆன்டெனா பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் வெளியிலிருந்து வரும் இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பெரிது. முன்னால் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும், மிக்சர்தான் திணறும். ஆன்டெனாவைக் கழற்றும்போது ஹெட்ஃபோனில் இரைச்சல் தெளிவாகக் குறைந்தால் முன்பக்கம் போதும் என்று அர்த்தம். இதை மின்வெட்டு நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியில் செய்து பாருங்கள். தெருவின் எல்இடி பல்புகள் அணைந்ததும் பேண்டில் இரைச்சல் எவ்வளவு கீழே போகிறது, அப்போதும் இந்தச் சோதனையில் உங்கள் ரிசீவர் தேறுகிறதா என்று தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று இந்தப் பகுதிக்கு நன்றாகவே தெரியும். பேட்டரியில் ஓடும் ரிசீவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அளந்து வைத்திருப்பது இங்கே வெறும் பொழுதுபோக்கு இல்லை.

கடைசியாக, முழு ரிசீவரையும் ஒரே வீச்சில் அளந்து பாருங்கள். ஆன்டெனா வாயில் அட்டெனுவேட்டரில் உள்ள 62 டிபியையும் போட்டால் −72 டிபிஎம், கிட்டத்தட்ட எஸ்9. அட்டெனுவேட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றினால் சத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஜெனரேட்டர் பெட்டியிலிருந்து சிக்னல் காற்று வழியாகக் கசிகிறது, பெட்டியை மூடிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கூட்டிய எண்ணும் முழுதாக அளந்த எண்ணும் 2, 3 டிபிக்குள் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. அதைவிட விலகினால் ஸ்டேஜ்கள் தனித்தனியாகச் சரியாக இருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். பெரும்பாலும் அந்த இடம் மிக்சருக்கும் கிரிஸ்டல் ஃபில்டருக்கும் நடுவில் இருக்கும். அங்கே 3 டிபி பகுதி ஒன்றைச் செருகுங்கள். 3 டிபி போகும், ஆனால் ஃபில்டரின் மேடு பள்ளம் சமமாகிவிடும். அந்த 3ஐ ஐஎஃப் ஆம்ப்ளிஃபயரில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.